தணிகாசலம் இறங்கியாச்சு

தணிகாசலம் இறங்கியாச்சு என்றான் அந்தப் பையன். கப்பலின் ஐந்தாம் தளத்தில், கரைக்கு இறங்கும் பாலத்தின் வாசலில், கார்டு தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இங்கிலீஷில், முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். கார்டு எங்கே என்று கேட்டான், என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்றாள் நீலாயதாட்சி. அறை நம்பர் கேட்டான், சொன்னாள். மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த அறையில் இரண்டு பேர், தணிகாசலம் பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே கரைக்குப் போயாச்சு, பொன்னம்பலம் கப்பலில்தான் இருக்கிறது, அப்படியென்றால் நீங்கள் பொன்னம்பலமா மேடம் என்றான். நீலாயதாட்சிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பொன்னம்பலம் அவளுடைய மாமனார், போய்ச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, திருத்துறைப்பூண்டியைத் தாண்டி எங்கேயும் போகாத மனுஷர், அவர் இப்போது பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்குள் உட்கார்ந்திருக்கிறாராம். அவளுக்குப் பின்னால் தொப்பியும் கூலிங்கிளாஸுமாக ஒரு நீள வரிசை பொறுமையில்லாமல் மூச்சு விட்டது. என்ன நடந்தது என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு பேர் கார்டும் அவர் சட்டைப்பையில் இருக்கும். நீ எங்கயாவது தொலைச்சிடுவ, என்கிட்டயே இருக்கட்டும், நீ எங்க போகப்போற. சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போதே சொன்னது. கையில் அகப்பட்ட கார்டை எடுத்து நீட்டியிருப்பார், அகப்பட்டது அவளுடையது. அதில் நீலாயதாட்சி என்பது பொடி எழுத்தில் பின்னால் இருக்கும், முன்னால் கொட்டை எழுத்தில் தணிகாசலம் என்று இருக்கும், ஏனென்றால் அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் அவர் தன் பேரைத் தானே எழுதினார். அவர் கார்டில் அவருடைய அப்பா பேர் கொட்டை எழுத்து. பையன் மெஷினைப் பார்த்துத் தணிகாசலமா என்று கேட்டிருப்பான், இவர் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் ஆமாம் தணிகாசலம் என்றிருப்பார். பொய்யில்லையே. இரண்டாயிரம் பேர் இறங்குகிற அவசரத்தில் படத்தை யார் பார்க்கிறார்கள். ஆக, நீலாயதாட்சியாகக் கரையிறங்கிப் போய்விட்டார் மனுஷர், நீலாயதாட்சி மட்டும் இறங்கவில்லை. அங்கே துறைமுகத்து கேட்டில் பத்தரை மணிக்குத் தோழி ஜொஹரா மஞ்சள் குடையோடு வந்து நிற்பாள், நாற்பத்திரண்டு வருஷம் கழித்து. மணி இப்போதே பத்து ஐந்து.

ரிசப்ஷனில் ஒரு பெண். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் மரிசோல், பிலிப்பைன்ஸ் என்று இரண்டே சொல். அவ்வளவுதான் இந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு, ஒரு பேர், ஒரு ஊர், அப்பனும் இல்லை புருஷனும் இல்லை. அவள் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினாள். வெளியே போன கார்டு திரும்பி வந்தால்தான் எதையும் திருத்த முடியும், அதுவரை மெஷின் கணக்குப்படி நீங்கள் கரையில் இருக்கிறீர்கள் மிஸஸ் தணிகாசலம் என்றாள். நான் உன் எதிரில் நிற்கிறேனே அம்மா என்றாள் இவள். தெரிகிறது மேடம், மன்னிக்க வேண்டும் என்றாள் அவள். அவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை அவர் நம்பரைப் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் போகிறோம் என்று நேற்று ராத்திரியே சத்தத்தை அணைத்து வைத்துவிட்டார். உங்கள் தோழியைக் கூப்பிடட்டுமா, நம்பர் சொல்லுங்கள் என்றாள். அங்கேதான் நீலாயதாட்சிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நாகப்பட்டினம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நாலரை வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். பெரிய ஆஸ்பத்திரி பதினேழு, ரைஸ் மில் நாற்பத்து மூன்று, நாகூர் ஷாப்புக்கடை மரைக்காயர் வீடு நூற்று ஆறு. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நானூறு நம்பர் சொல்வாள். ஜொஹராவின் நம்பர் தெரியாது, மகள் நம்பரும் தெரியாது. இரண்டும் அவருடைய போனில் இருக்கின்றன, அந்தப் போன் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது, அதே பையில்தான் அவள் கார்டும் இருக்கிறது. எல்லாம் அந்த ஒரு சட்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது. காலையில் இறங்கும்போது அவர் லிஃப்டைப் பிடித்து நிறுத்தியிருந்தால் இத்தனையும் இல்லை. ஒரு கை. கதவு மூடும்போது ஒரு கையை நீட்டினால் போதும், அது தானே திறந்துகொள்கிறது, சின்னக் குழந்தைகள்கூட நீட்டுகின்றன. அவர் உள்ளே ஏறி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். கதவு மூடிக்கொண்டது. கோபமாகப் பார்த்திருந்தாலாவது தேவலை. அவர் எதையுமே நினைத்துக்கொண்டு பார்க்கவில்லை. அடுத்த லிஃப்ட் வர ஆறு நிமிஷம், அதில் ஏற இடமில்லை, அதற்கடுத்தது. அவளும் நில்லுங்க என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வெளியாட்கள் முன்னால் கத்தக் கூடாது என்று அவள் தொண்டைக்கு யாரோ என்றைக்கோ தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள், அதையும் அவளேதான் இத்தனை வருஷம் துருப்பிடிக்காமல் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டாள். இது அவர்மேல் இருந்த கோபத்தைவிட மோசமான கோபமாக இருந்தது.

பதினோராம் தளத்துக்குப் போனால் கரை தெரியும் என்று மரிசோல் சொன்னாள். ஏறிப் போனாள். நீச்சல் குளத்தில் ஒரு குடும்பம் காலை ஆட்டிக்கொண்டிருந்தது, கரைக்குப் போகாமல் கப்பலிலேயே இருக்கப் பிடித்தவர்கள், அப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே சிமெண்டுத் தரை, பஸ்கள், அதைத் தாண்டி கேட், அதற்கப்பால் ரோடு, ஒரு மணிக்கூண்டு. கேட்டுக்கு வெளியே டாக்சிக்காரர்களின் கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், பத்து இருபதுக்கெல்லாம், மஞ்சளாக ஒன்று வந்து நின்றது. முகம் தெரியாது, உடம்பு தெரியாது, வட்டமாக ஒரு மஞ்சள், அவ்வளவுதான். பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள். அவள் அப்படித்தான், ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வந்து ஹெட்செட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி இரண்டு பேருக்கும். முன்னால் துளை துளையாகப் போர்டு, கையில் கயிறு, ஹலோ நாகப்பட்டினம், ஹலோ தஞ்சாவூர், லைனில் இருங்க. கை வேலை செய்யும், வாய் பேசும், நடுவில் இருக்கிற அரை நொடிகளில் இரண்டு பேரும் தங்கள் கதையைப் பேசிக்கொள்வார்கள், முதல் நாள் விட்ட வாக்கியத்தை மறு நாள் முடிப்பார்கள். அந்த மாதிரிப் பேச்சு அதற்குப் பிறகு அவளுக்கு யாரோடும் வாய்க்கவில்லை. மகள் இந்துமதி போன மாதம் எங்கெங்கோ தேடி நம்பரைப் பிடித்து, சிங்கப்பூரிலிருந்து போட்டுக் கொடுத்தபோது, அந்தப் பக்கம் எடுத்த குரல் ஹலோ என்று சொல்லவில்லை, பினாங்கிலேர்ந்து பி.பி. கால், வை. நீலாயதாட்சி இருக்காங்களா என்றது. பி.பி. கால் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்கிற கால். அந்த ஆளே வந்து, தன் வாயால் தன் பேரைச் சொன்னால்தான் செல்லும். அண்ணன் பேசுகிறேன், வீட்டுக்காரர் பேசுகிறேன், என்னிடம் சொல்லுங்கள் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று யார் வந்து நின்றாலும் செல்லாது. ஆபரேட்டர் இணைப்புக் கொடுக்க மாட்டாள், அந்த ஆளைக் கூப்பிடுங்க என்று மட்டும் சொல்வாள். எத்தனையோ ஆம்பிளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள் நீலாயதாட்சி, இருபத்தொரு வயசில், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு. அந்தக் குரல் எங்கே போயிற்று என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மஞ்சள் நகர்ந்தது. இரண்டடி இடது பக்கம், நிழலுக்காக இருக்கும். பதினொன்று பத்து. இந்நேரம் அவர் எங்கே இருப்பார். கோயிலில் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, அர்ச்சனை யார் பேருக்கு என்றால், தணிகாசலம், சகுடும்பம். குடும்பத்தில் அவள் உண்டு. திரும்பிப் பார்த்திருப்பாரா, பின்னால் ஆள் வரவில்லையே என்று. கல்யாணமான மறு நாளிலிருந்தே பத்தடி முன்னால் நடக்கிறவர், பின்னால் வருகிறாளா என்று சந்தேகப்படும் வழக்கமே கிடையாது. மணிக்கூண்டு வரைக்கும் போய்விட்டுத்தான் பார்த்திருப்பார், சரி, முழங்கால் வலி, திரும்பிப் போய்விட்டாள் என்று தானே ஒரு முடிவு கட்டியிருப்பார். கேட்டைத் தாண்டித்தான் எல்லாரும் போக வேண்டும். மஞ்சள் குடை என்று அவருக்கும் தெரியும், இந்துமதி அவரிடம்தான் படித்துப் படித்துச் சொன்னாள், அப்பா, யெல்லோ அம்பர்லா, கேட்டுக்கு வலது பக்கம், மறந்துடாதீங்க. ஜொஹரா வருகிறவரை நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்லது, பின்னால் வந்துகொண்டிருக்கிறாள், கொஞ்சம் நேரமாகும் என்று. சொல்லியிருப்பாரா. அந்த நினைப்பு வந்ததும் அவள் கை கம்பியை இறுக்கிக்கொண்டது, ஏனென்றால் அவர் சொன்னாலும் பயம்தான், சொல்லாவிட்டாலும் பயம்தான். முன்னாலும் ஒரு தடவை அவர் சொல்லப் போனார். எண்பத்து மூன்று, ஆனி மாசம், கல்யாணமாகி ஐந்து மாசம். ஜொஹராவுக்கு நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை முன்னாலேயே பினாங்குக்குப் போய்விட்டார், அவளைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் உட்காரவைத்துக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். படகு கிளம்புகிற இடத்தில் நிற்கிறேன், நீ வராம நான் படகுல கால் வைக்கமாட்டேன் என்றாள் ஜொஹரா. சிவப்புச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள் நீலாயதாட்சி. அவர் சட்டையை மாட்டினார். தொறமுகத்துல ஒரே ஆம்பளைங்க கூட்டமா இருக்கும், நீ எதுக்கு, நான் போயி சொல்லிட்டு வந்துடறேன் என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், ஒரு மணி நேரத்தில் வந்தார். சொல்லிட்டீங்களா. சொல்லிட்டேன், சோத்தைப் போடு. என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு மாசம் கழித்து வந்த ஏரோகிராமில் முதல் வரியே, உனக்குக் காய்ச்சல் விட்டதா நீலா, உன் வீட்டுக்காரர் வந்து சொன்னதும் நான் அழுதுகொண்டேதான் படகில் ஏறினேன் என்று இருந்தது. காய்ச்சல். அவளுக்கு அன்றைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் எக்ஸ்சேஞ்சு, கிழக்கே பார்த்தால் கடல், அன்றைக்கு அவள் கிழக்கே பார்த்துக்கொண்டு சோற்றைப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சும்மா இல்லை, வாளியைக் கவிழ்த்த மாதிரி. டாக்சிக்காரர்கள் ஓடினார்கள், கூட்டம் கலைந்தது, மஞ்சள் மட்டும் தனியாக நின்றது, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து. போடி, எங்கேயாவது ஒதுங்கி நில்லேன்டி, அறுபத்து நாலு வயசுடி உனக்கு என்று நீலாயதாட்சி வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் துண்டு மடிக்கிற பையன் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனான். அடுத்த மாதம் ஜொஹரா மகனோடு ஆஸ்திரேலியாவுக்கு ஒரேயடியாகப் போகிறாள், வீட்டை விற்றாகிவிட்டது, கட்டில் மேசையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. போனில் அதைச் சொல்லிவிட்டு, நீ வர்றதுக்கு இதுதான் கடைசி பஸ்ஸு பாத்துக்க என்று சிரித்தாள். கடைசி பஸ். இவள் பையில் கவருக்குள் ஒரு போட்டோ இருக்கிறது, எண்பத்தொன்றில் எக்ஸ்சேஞ்சு வாசலில் எடுத்தது, பதினோரு பேர், பின்னால் மையால் பேர் எழுதியிருக்கும், வை. நீலாயதாட்சி, கா. ஜொஹரா பேகம். வைத்திலிங்கம் மகள், காதர் முகைதீன் மகள். அந்த வை. போனது எப்போது. கல்யாணத்தோடு போகவில்லை. வேலையில் இருந்த வரைக்கும் விடவில்லை அவள், கையெழுத்தில் வை. போட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்துமதி வயிற்றில் வந்ததும் வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள், அதோடு கையெழுத்துப் போட வேண்டிய அவசியமும் விட்டது. அப்புறம் ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, எல்லாவற்றிலும் த. தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் எடுக்க உட்கார்ந்தபோது அவர்தான் எழுதினார், அவளுக்குக் கையெழுத்து கோணலாம். அதுல குடும்பப் பேரு கேக்கறான், குடும்பம்னா யாரு, நான்தானே, என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், கட்டத்துக்கு ஒரு எழுத்தாகத் தன் பேரைக் குத்தினார். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டர். இனிஷியல் போடாமல் பேர் எழுதுகிற பையன்களை வெயிலில் நிற்கவைத்தவர், அப்பன் பேர் தெரியாதாடா உனக்கு என்று காதைத் திருகியவர். அவளுடைய அப்பாவை மட்டும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார். அடித்ததுகூடப் பரவாயில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பேனாவுக்கு மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காப்பியும் போட்டுக் கொடுத்தாள்.

மரிசோல் மேலே வந்தாள், டீ எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே. இன்னும் அவர் போனை எடுக்கவில்லை மேடம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, கார்டில் பின்னால் இருக்கிற அந்த நீளமான பேர்தான் உங்களுடையதா, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். சொன்னாள். மரிசோல் முயற்சி பண்ணினாள், நீலா வரைக்கும் வந்தது, அதற்கு மேல் நாக்குப் புரளவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முயற்சி பண்ணினாள். மூன்று நாளாக இந்தக் கப்பலில் சாப்பாட்டு மேசையில், அறை வாசலில், லிஃப்டில் எல்லாரும் அவளை குட்மார்னிங் தணிகாசலம், குட்நைட் தணிகாசலம் என்றுதான் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் தலையை ஆட்டினாள், ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் அவர் மீசைக்குள் சிரித்தார். இப்போது இந்தப் பெண்ணின் பல்லில் தன் பேர் மாட்டிக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தபோது நீலாயதாட்சிக்கு அழுகை வந்தது, கோபம் வந்தால்தான் அவளுக்கு அழுகை வரும், அதனாலேயே அவள் கோபத்தை யாரும் கோபம் என்று நம்பியதில்லை, அவரும்தான், பாரு ஒடனே கண்ணைக் கசக்கறா என்பார். டீயைக் குடித்தாள். மழை விட்டது. மஞ்சள் இருந்தது. ஒரு மணி, ஒன்று இருபது. பசிக்கவில்லை. அவர் வந்ததும் என்ன கேட்பது என்று மனசுக்குள் கோர்த்துக் கோர்த்துப் பார்த்தாள். லிஃப்டில் ஏன் கையை நீட்டலை. இல்லை, அங்கிருந்து தொடங்கினால் அவர் லிஃப்டைப் பற்றிப் பேசியே கழித்துவிடுவார். படகுத் துறையில் என்ன சொன்னீங்க. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதை இப்ப கேக்கறாளே, மூளை பிசகிடுச்சா என்பார். ஏன் என் அப்பா பேரை. அதற்கு அவர் பதிலே சொல்ல மாட்டார், பேப்பரைப் பிரிப்பார். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சு அவள் விரலில்தான் இறுகியது. ஒன்று ஐம்பதுக்குக் கரையில் பார்த்தாள், அவரே வந்துகொண்டிருந்தார், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை, யாரோ தன்னைப் படம் பிடிக்கிற மாதிரி நடை. அந்த நடையைப் பார்த்துக்கொண்டே லிஃப்டுக்குப் போனதில், அவள் கேட் பக்கம் பார்க்க மறந்துவிட்டாள்.

ஐந்தாம் தளத்தில், பாலத்து வாசலுக்கு உள்ளே, அவர் நெற்றியில் விபூதியும் சட்டையில் ஏதோ வெல்லப் பாகின் கறையுமாக வந்து நின்றார். மெஷின் டிங் என்றது, தணிகாசலம் திரும்பியாச்சு. நீ இங்கயா இருக்க, காலு எப்படி இருக்கு, நல்லவேளை வராம போன, என்னா வெயிலு, அப்பறம் மழை வேற, என்றார். செண்டால்னு ஒண்ணு குடிச்சேன், பரவால்ல, நம்மூரு பாயசம் மாதிரி. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஜொஹராவைப் பாத்தீங்களா. அவர் பையைத் தரையில் வைத்தார். பாத்தேன், பாத்தேன், போறப்ப பாக்கலை, இப்ப வர்றப்பதான், கொடையைப் புடிச்சிக்கிட்டு நின்னுது அந்தம்மா. சொல்லிட்டேன். என்ன சொன்னீங்க. நீலாவுக்கு ஒடம்பு முடியலை, எறங்கமாட்டா, நீங்க வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டேன், பாவம் எவ்வளவு நேரம் நிக்கும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் பண்ணிய திருப்தி இருந்தது, அதுதான் அவளைச் சுட்டது. அவள் கையை நீட்டி அவர் சட்டைப்பைக்குள் விட்டாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் பைக்குள் அவள் கை போனது துவைக்கப் போடும்போது மட்டும்தான். இரண்டு கார்டையும் எடுத்தாள். ஏய், என்ன பண்ற, நாலு மணிக்குக் கதவை மூடிடுவான், இப்ப போயி என்ன செய்யப்போற, அந்தம்மா போயிருக்கும் என்றார். அவள் தன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருடையதைக் கவருக்குள் போட்டோவோடு வைத்தாள். அது என் கார்டு, அது இல்லாம நான் ரூமுக்குள்ள எப்படிப் போறது என்றார். என்கிட்டயே இருக்கட்டும், நீங்க தொலைச்சிடுவீங்க, என்றாள். பையை மூடினாள். நீங்க எங்க போகப்போறீங்க.

காலையில் நின்ற அதே பையன் கார்டை வாங்கித் தேய்த்தான், தணிகாசலமா மேடம் என்றான், சிரித்த முகம். இல்லை என்றாள், அவன் மெஷினை அவளிடமே திருப்பிக் காட்ட, பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வழிவிட்டான். பாலம் வழுக்கியது, முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு வாங்கிக்கொண்டது. சிமெண்டுத் தரையில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அவள் சுற்றிப் போகவில்லை, நடுவில் இறங்கியே போனாள், சேலை நனைந்தது. பஸ்கள், ஒரு கம்பி வேலி, கேட். வலது பக்கம் டாக்சிக்காரர்கள். மஞ்சள் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள், நீலக் குடை, கறுப்புக் குடை, மஞ்சள் இல்லை. போய்விட்டாள். நம்பிவிட்டாள், அன்றைக்கு நம்பின மாதிரியே, வீட்டுக்குப் போய் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, உனக்குக் காய்ச்சல் விட்டதா நீலா என்று எழுத உட்கார்ந்திருப்பாள். நீலாயதாட்சி ரோட்டின் நடுவில் நின்றாள். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் எல்லார்மேலும் வந்தது, தணிகாசலத்தின்மேல், பொன்னம்பலத்தின்மேல், இவ்வளவு நேரம் நின்றுவிட்டுக் கடைசி அரை மணி நேரம் நிற்காமல் போனவள்மேல், எல்லாரையும்விட அதிகமாக, லிஃப்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பொம்பிளையின்மேல். ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். ஹலோ, நாகப்பட்டினமா, என்று ஒரு குரல் கேட்டது. ஹாரனைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்து பெஞ்சிலிருந்து. முக்காடு போட்ட ஒரு குண்டு அம்மாள், மூக்குக்கண்ணாடி, மடக்கிய மஞ்சள் குடை மடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு. முகத்தில் எந்த அடையாளமும் இல்லை, குரல் மட்டும் அப்படியே பக்கத்து நாற்காலியில் இருந்தது. கால் மரத்துப் போச்சு புள்ள, அதான் உக்காந்துட்டேன், என்றாள் ஜொஹரா, எழுந்திருக்க முயற்சி பண்ணிக்கொண்டே. ஒரு ஆளு வந்தாரு. நீலாவுக்கு ஒடம்பு முடியலை, வரமாட்டா, வீட்டுக்குப் போங்கன்னாரு. அன்னிக்குப் படகு கிட்டயும் இவருதான் வந்து இதையேதான் சொன்னாரு, அன்னிக்கு நம்பிட்டு ஏறிட்டேன். இன்னிக்கு நம்பலடி. இது பி.பி. கால், எவனோ வந்து பேசினா நான் லைனை வெட்டிடுவேனா. நீலாயதாட்சி ரோட்டைக் கடந்தாள், இரண்டு பக்கமும் பார்க்காமல். கோபத்தில் கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது, யாருக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் இருந்தது. பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னாள்.

வை. நீலாயதாட்சி பேசுறேன்.